மங்கு, மேக்கப், மருந்துக்கடை ட்யூப்

தருமபுரி பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் முகத்தில் ஃபவுண்டேஷன் பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால் ஊர் கவனிக்கும். "என்னடி, மேக்கப்பெல்லாம் பலமா இருக்குது?" என்று கேட்க நாலு பேர் வாசலிலேயே இருப்பார்கள். அதே பெண் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ஒரு ட்யூபை இரண்டு வருடம் இரவு தவறாமல் முகத்தில் தேய்த்தாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். முதலாவது வெளிவேஷம், இரண்டாவது மருந்து என்பது பொதுவான எண்ணம். முகத்துக் கருமை பற்றித் தோல் மருத்துவம் இதுவரை கண்டறிந்திருப்பதை மொத்தமாக எடுத்துவைத்துப் பார்த்தால் இந்த மதிப்பீடு தலைகீழானது. காலையில் பூசி இரவில் கழுவிவிடும் நல்ல வண்ணப்பூச்சு தோலுக்குக் கெடுதல் செய்வதில்லை. சில கருமைகளுக்கு அது காவலாகவும் இருக்கிறது. என்ன இருக்கிறதென்று தெரியாத ட்யூபோ முகத்தைத் திரும்ப முடியாத இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

முதலில் அந்தக் கருமை என்ன என்று பார்க்க வேண்டும். கன்ன மேட்டிலும் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலேயும் பழுப்பாகப் படரும் திட்டைத்தான் நாம் மங்கு என்கிறோம். தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் சுரக்கும் செல்கள் அந்த இடங்களில் அளவுக்கு மீறி வேலை செய்வதால் வருவது அது. பரம்பரை ஒரு காரணம். கர்ப்பகால ஹார்மோன்களும் கருத்தடை மாத்திரையும் அதைத் தூண்டும். பிள்ளை பிறந்த சில மாதங்களில் பலருக்கு அது தானாக வெளுக்கும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும். எந்தக் காரணத்தால் தொடங்கினாலும் அதை வளர்ப்பதும், ஆறியதைத் திரும்ப அழைத்துவருவதும் வெயில்தான்.

வெயிலுக்குத் தப்பிக்க இந்த மாவட்டத்தில் வழியில்லை. பாலக்கோட்டில் தக்காளி பறிக்கிறவர்களும், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் களையெடுக்கிறவர்களும், ஏரிக்கரையில் நூறு நாள் வேலை பார்க்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். காலை எட்டு மணிக்கு இறங்கினால் உச்சிவெயில் தாண்டித்தான் நிழல். ஆகையால் மங்கு இங்கே வெறும் அழகுப் பிரச்சினையாக மட்டும் இருக்க முடியாது. செய்யும் வேலை முகத்தில் விட்டுப்போகும் தடம் அது. பெண்களுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணமும் தவறு. டெல்லியில் மங்கு உள்ள 200 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் 41 பேர் ஆண்கள். அவர்களிலும் வெயிலில் நிற்பதே முதன்மையான காரணமாகத் தெரிந்தது.

மங்கு மட்டுமே கருமை அல்ல. பரு வந்து ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும்; கிள்ளிய பரு என்றால் இன்னும் அதிக நாள். காரிமங்கலம் வட்டாரத்து மாந்தோப்புகளில் காய் பறிக்கிறவர்களுக்கு வேறொரு கருமை தெரியும். காம்பை ஒடித்தவுடன் பீறிட்டு வரும் மாங்காய்ப் பால் கன்னத்திலோ கையிலோ பட்டால் தோல் வெந்து, ஆறும்போது கரும்பட்டையாகிவிடும். மாங்காயைக் கழுவாமல் கடிக்கும் பிள்ளைகளின் வாயோரத்தில் கோடைதோறும் காணும் கரும்புண்ணும் அதுதான். சேராங்கொட்டைப் பால் பட்டாலும் இதே கதை, இன்னும் கடுமையாக. தரிசிலும் வரப்பிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் செடியின் தூசு சிலருக்கு ஒவ்வாமல் முகம், கழுத்து, கைமடிப்பெல்லாம் அரித்து, தடித்து, கறுத்துப்போகும். வெயிலில் கறுத்துவிட்டது என்று அவர்களாக முடிவுகட்டிக்கொள்வார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யாமல் மலிவான சாயம் கலந்து விற்கும் குங்குமம் நெற்றியில் நீலங்கலந்த கருமையை விடும். தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாத ஆண்களுக்கு நெற்றியோரமும் காதோரமும் கறுக்கும். இவை எல்லாவற்றுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே: காரணமான பொருளை விலக்குவது. அதை விலக்காமல் மேலே எந்த விலைக்கு எதைப் பூசினாலும் கருமை அடியில் வளர்ந்துகொண்டே போகும்.

கைவைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மங்குக்கு ஜாதிக்காயை இழைத்துப் போடுவதும் பயத்தமாவு தேய்த்துக் குளிப்பதும் பாட்டிமார் காலத்து வழக்கம். மென்மையாகச் செய்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போகிறவர்களைக் கட்டாயம் தடுக்க வேண்டும். சாற்றில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கி, இருந்ததைவிட மோசமான கருமையை உண்டாக்குகின்றன. பற்பசை தடவுவதும் சோப்பு நாரால் அழுத்தித் தேய்ப்பதும் அப்படித்தான். நம் நிறத்துத் தோலை எங்கே புண்படுத்தினாலும் அது கறுத்துத்தான் ஆறும்.

மறைக்கவே கூடாத அடையாளங்களும் இருக்கின்றன. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கல்ல, தேய்த்தாலும் போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி அது. பவுடர் போட்டு மறைப்பதற்கு முன்னால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைச் சோதனைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். அப்போது கழுத்தையும் காட்டலாம். திடீரென்று பெரிதாகும், ஓரம் கோணலாகும், ரத்தம் கசியும் மச்சத்தையும் காட்டியாக வேண்டும். நிறம் மங்கி உணர்ச்சியற்றுப்போன திட்டு இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே வந்தால் கூட்டு மருந்தில் முழுமையாகக் குணமாகும், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

தொழுநோயை ஒட்டி நம் பேச்சில் அதிகம் வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டு மருந்தில் உள்ள குளோஃபாசிமின் சாப்பிடும் காலத்தில் தோலைச் செம்பழுப்பாகவும் கருமையாகவும் மாற்றும். மருந்தை முடித்த பிறகு மாதங்கள் செல்லச் செல்ல அது மறையும். ஆனால் அதற்குள் ஊர் முகத்தைப் படித்துவிடும் என்ற பயத்தில் மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நல்ல மறைப்புப் பூச்சைக் கொடுத்து, பூசும் முறையையும் சொல்லித் தருவது சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். மறைத்துக்கொள்ள முடிந்தால் அவர்கள் மருந்தை முடிப்பார்கள்.

மறைப்பதற்காகவே ஒரு பூச்சை உருவாக்கியவர் தானே அடையாளத்தோடு பிறந்தவர். அமெரிக்காவின் லிடியா ஓ'லியரிக்கு முகத்தில் பிறவியிலேயே பெரிய சிவப்பு மறு. வேதியியல் படித்த அவர் தனக்காகச் செய்துகொண்ட பூச்சுக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். 'கவர்மார்க்' என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தோடு எரிந்து பிழைத்த பிரிட்டன் விமானப்படை வீரர்களின் முகத்தழும்பை மறைக்க இந்தக் கலை மருத்துவமனைக்குள் வந்தது. பின்னாளில் அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தோல் நோய்ப் பிரிவுகளிலேயே இந்தச் சேவையை நடத்தியது. அங்கே இது தொடக்கத்திலிருந்தே மருத்துவத்தின் ஒரு கிளையாக வளர்ந்தது.

நமக்கோ அது மேடையிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்தது. பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கும் மாவட்டம் இது. கூத்துக்காரர்கள் முத்துவெள்ளையையும் செந்தூரத்தையும் எண்ணெயில் குழைத்து முகத்தில் அப்பும்போது, வெள்ளை நிறமித் தூள் கொழுப்போடு சேர்ந்தால் கீழே உள்ள நிறத்தை முழுக்க மறைத்துவிடும் என்ற விதியைத்தான் கையாள்கிறார்கள். பழைய நாளில் பூசிய அரிதாரம் ஆர்சனிக் கலந்த தாது. அந்த நச்சைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சினிமாவில் 1930களின் கடைசியில் வண்ணப்படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் கொண்டுவந்த 'பான்கேக்' சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எப்படிக் கரைந்தது என்பதை அசோகமித்திரனின் ஜெமினி நினைவுகளைப் படித்தவர்கள் அறிவார்கள். வீடுகளுக்கு வந்தவை இவை எதுவும் அல்ல. 1919இல் வந்த ஆப்கான் ஸ்னோவும், குட்டிக்கூரா, பாண்ட்ஸ் போன்ற பவுடர்களுமே வந்தன. பவுடரில் பெரும்பகுதி டால்க். அது எண்ணெய்ப் பசையை உறிஞ்சும், வாசனை தரும், கருந்திட்டை மறைக்காது. வியர்த்ததும் வெள்ளைக் கோடாக ஒதுங்கி, திட்டை இன்னும் எடுப்பாகக் காட்டும். நெடுங்காலமாக நாம் மறைக்க முடியாத பொருளைக் கொண்டு மறைக்கப் பார்த்திருக்கிறோம்.

சரியான பூச்சு எப்படி மறைக்கிறது? கன்சீலரிலும் ஃபவுண்டேஷனிலும் இருக்கும் முக்கியமான நிறமிகள் நாலு: வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்சைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு மூன்று வகை இரும்பு ஆக்சைடு. இவற்றின் விகிதத்தை மாற்றித்தான் எல்லா ஷேடுகளும் வருகின்றன. பல ஆண்டுகளாக இங்கே விற்ற ஷேடுகளில் வெள்ளை தூக்கலாகவும் மஞ்சளும் சிவப்பும் குறைவாகவும் இருந்தன. அதைக் கருந்திட்டின் மேல் பூசினால் திட்டு மறையாமல் அடுப்புச் சாம்பல் அப்பியது போல நரைத்துத் தெரியும். நம் பெண்கள் பலர் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு மேக்கப் நமக்குச் சரிப்படாது என்று வைத்துவிடுவதற்கு இந்தச் சாம்பல்தான் காரணம். குறை அவர்கள் முகத்தில் இல்லை, டப்பாவில் இருந்தது. 2017இல் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளோடு ஒரே நாளில் கடைக்கு வந்த பிறகு மற்ற நிறுவனங்களும் கருநிறத்துக்கான ஷேடுகளைக் கூட்டின. அந்த மாற்றம் சிறுநகரத்து ஃபேன்சி ஸ்டோர் அலமாரிக்கு மெதுவாகத்தான் வந்து சேர்கிறது. கடைக்காரர் நீட்டுவது இன்னமும் நம்மைவிட இரண்டு படி வெளுத்த ஷேடாகவே இருக்கும். அதை மறுத்து, நம் நிறத்தைக் கேட்டு வாங்கும் உறுதி வேண்டும்.

ஷேடு பார்க்கும் இடம் கையின் பின்புறம் அல்ல, தாடையோரம். அதுவும் கடைக்குள் எரியும் விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தமிழ்முகங்களில் நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் கன்னத்தைவிடக் கறுத்திருப்பது இயல்பு. எனவே கழுத்துக்கும் தாடைக்கும் பொருந்தும் நிறமே சரியானது. பூசியது கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கலந்துவிட்டால் அதுதான் உங்கள் ஷேடு.

அடர்ந்த கருமைக்கு ஷேடு பொருந்தினால் மட்டும் போதாது. நிறமி தோலின் மேலடுக்கில் இருந்தால் பழுப்பாகவும் ஆழத்தில் இருந்தால் நீலச்சாம்பலாகவும் தெரியும். நீலத்தை அடக்கும் நிறம் ஆரஞ்சு. ஆகவே கறுத்த தோலில் உள்ள ஆழ்ந்த திட்டின் மேல் முதலில் ஆரஞ்சு கரெக்டரை மெல்லிதாக வைக்க வேண்டும். மாநிறம் என்றால் பீச் நிறம் போதும். அதற்கு மேல்தான் தோல்நிறக் கன்சீலர். சிவந்து கிடக்கும் புதுப் பருவுக்கு மட்டும் பச்சை. இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு நேரே கன்சீலரைக் கனமாக அப்புவதால்தான் மணப்பெண்களின் முகம் புகைப்படத்தில் கனத்துத் தெரிகிறது.

பூசும் முறையும் எளிதுதான். முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவி, சன்ஸ்கிரீன் பூசிப் பத்து நிமிடம் விட வேண்டும். கரெக்டரைத் திட்டின் மேல் மட்டும் மோதிர விரலால் ஒற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. கன்சீலரைத் திட்டின் விளிம்புக்குச் சற்று வெளியே வரை கொண்டுபோய் ஓரத்தை மட்டும் கலைத்துவிட வேண்டும். ஒரே கனத்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நன்றாக நிற்கும். கடைசியாக லூஸ் பவுடரை அழுத்தி வைத்து, மிச்சத்தைத் தட்டிவிட்டால் வியர்வைக்கு ஓரளவு தாங்கும். வியர்த்தால் துண்டால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். இரவில் கட்டாயம் கலைத்துவிட வேண்டும். கூத்துக்காரர்கள் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் வேஷம் கலைக்கிறார்கள், கொழுப்பில் குழைத்ததைக் கொழுப்புதான் கரைக்கும். ஆனால் பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, மென்மையான கிளென்சர் நல்லது. புதிதாக வாங்கிய எதையும் காதுக்குப் பின்னால் இரண்டு நாள் தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இனி இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய கண்டுபிடிப்புக்கு வருகிறேன். வெயிலின் புறஊதாக் கதிர்தான் தோலைக் கறுக்கவைக்கிறது என்று நெடுங்காலம் நம்பினோம். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மாநிறத் தோலையும் கருநிறத் தோலையும் கறுக்கவைக்கிறது, அந்தக் கருமை அதிக நாள் தங்குகிறது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. வெள்ளைத் தோலில் அப்படி நடக்கவில்லை. சாதாரண சன்ஸ்கிரீன் புறஊதாவைத்தான் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை விட்டுவிடும். அதைத் தடுப்பது எது? ஃபவுண்டேஷனுக்கு நிறம் தரும் அந்த இரும்பு ஆக்சைடு. 2014இல் மெக்சிகோவில் மங்கு உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, இரு குழுவுக்கும் கருமையை வெளுக்கவைக்கும் ஒரே ஹைட்ரோகுவினோன் களிம்பைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண சன்ஸ்கிரீன், மற்றதற்கு இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன். எட்டு வாரத்தில் நிறமுள்ளதைப் பூசியவர்களுக்கு மங்கு கூடுதலாக வெளுத்தது.

நம் நிறத்துக்கு இதன் பொருள் பெரியது. மங்கை மறைக்கிற நிறமியே மங்கை வளரவிடாமலும் தடுக்கிறது. தோல்நிறச் சன்ஸ்கிரீன் ஒன்றைத் தினமும் பூசுகிற பெண் மருத்துவம் செய்துகொள்கிறாள், அது வெளியே மேக்கப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதோடு களத்துமேட்டில் நிற்பவருக்கு அகலமான முக்காடும், முகத்தை மூடிக் கட்டிய பருத்தித் துண்டும் எந்தப் பூச்சுக்கும் குறைந்தவை அல்ல. கூலிப் பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்த இந்தக் காப்பு அறிவியலுக்கு முழுக்கப் பொருந்துகிறது. கர்ப்பிணிகளுக்கும் இதுவே வழி. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் போன்றவற்றை அவர்கள் தொடக் கூடாது. துண்டும், நிறமுள்ள சன்ஸ்கிரீனும், கன்சீலரும் போதும்.

இப்போது ட்யூபுக்கு வருவோம். மங்குக்கு மருத்துவர்கள் நெடுநாளாக எழுதித்தரும் ஒரு மும்மருந்துக் களிம்பு உண்டு: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. 1975இல் தோல் மருத்துவர் கிளிக்மன் சொன்ன கலவையிலிருந்து வந்தது அது. சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் பார்வையில் போட்டால் நல்ல பலன் தரும். நம் ஊரில் நடப்பது வேறு. சீட்டு தீர்ந்த பிறகும் அதே ட்யூபை வாங்கிப் போடுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள் என்று தங்கை போடுகிறாள். கல்யாணம் நிச்சயமானதும் மணப்பெண் போடுகிறாள். முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும். அந்தப் பளபளப்புதான் ஏமாற்று. பிறகு தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் கோடுகோடாகத் தெரியும், பருக்கள் வெடிக்கும், முகத்தில் ரோமம் முளைக்கும். நிறுத்திப் பார்த்தால் முகம் தீயாய் எரிந்து சிவக்கும். அதற்குப் பயந்து மறுபடியும் அதையே போடுவார்கள். 2011இல் வெளியான பலநகர இந்திய ஆய்வில் முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பை முகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பலர் அதை வெளுப்பு க்ரீமாகவே நினைத்திருந்தார்கள். தோல் மருத்துவர் சங்கத்தின் தொடர்ந்த வற்புறுத்தலுக்குப் பிறகு 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, கேட்டால் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் போகவில்லை.

ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் போட்டால் வேறொரு ஆபத்து. மருந்தாலேயே தோலின் ஆழத்தில் நீலக்கருமை படிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் 1975இல் முதலில் விவரிக்கப்பட்ட இந்தக் கருமையை அகற்றுவது மிகக் கடினம். மங்கைப் போக்கப் போட்ட களிம்பே மங்கைவிடக் கெட்டியான கருமையைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

சில வெளுப்பு க்ரீம்களில் கலக்கும் பாதரசம் இன்னும் கொடியது. கேரளத்தின் மலப்புறம் பகுதியில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை கோட்டக்கல் மருத்துவர்கள் கவனித்தார்கள். அவர்களில் 15 பேருக்கு மிக அரிதான ஒரே வகை நோய்க்கூறு. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கவைக்கும் க்ரீம் பூசியவர்கள். பெரும்பாலோருக்கு க்ரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போயிருக்கிறது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடைகளில் சோதனை நடத்தியது. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த மற்றப் பொருள்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2023இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025க்குள் அடியோடு நிறுத்த முடிவெடுத்தன. ஆகவே எந்த டப்பாவை வாங்கினாலும் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, உட்பொருள் பட்டியல் ஆகிய நாலும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வாரத்தில் வெளுக்கும் என்று சொல்லி, ஊர் பேர் தெரியாமல் விற்கும் க்ரீமைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

மறைப்பதே பெண்ணை அடக்கும் வேலைதான், இருப்பதை இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை மதிக்கிறேன். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, கறுப்பாக இருப்பது குறை என்று நாற்பத்தைந்து ஆண்டுகள் சொல்லிவிட்டு 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. சென்னையிலிருந்து 2009இல் கிளம்பிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் அந்தப் பொய்யை எதிர்த்து நின்றது. நம் சங்கப் புலவர்கள் மாந்தளிர் நிறத்து மாமையையும், மேனியில் படர்ந்த சுணங்குப் புள்ளிகளையும் அழகென்று பாடியவர்கள். ஆனால் நிறத்தை வெளுப்பதும் திட்டைச் சமன்படுத்துவதும் ஒன்றல்ல. தன் நிறத்திலேயே உள்ள பூச்சைத் தேடி எடுத்துத் திட்டை மட்டும் மறைக்கிற பெண் தன் கறுப்பை ஒளிக்கவில்லை. தன் கறுப்பையே முகம் முழுக்க வைத்துக்கொள்கிறாள். மங்கோடு அப்படியே நடப்பதும் அவள் விருப்பம்தான். அந்த முடிவை அவளே எடுக்க வேண்டும், மாமியாரோ மாப்பிள்ளை வீட்டாரோ எடுக்கக் கூடாது. பெண் பார்க்க வரும் நாளில் திட்டு தெரியாமல் பூசிவிடச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். மங்கு இருக்கிறது என்று வாயால் சொல்லிவிடுங்கள். அதற்காக எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

தருமபுரிக்கு உடம்பில் தெரியும் கறை புதிதல்ல. நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை போட்டது. அதற்காக யாரையும் சரியாகப் பல் தேய்க்கவில்லை என்று அரசு குறை சொல்லவில்லை. காரணம் தண்ணீர் என்று கண்டு, ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நிறைவேற்றி 2013இல் காவிரி நீரை ஊர்களுக்குக் கொண்டுவந்தது. முகத்துக் கருமைக்கும் அதே நேர்மை வேண்டும். 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், வாரத்தில் ஒரு நாளாவது தோல் மருத்துவரோடு பயிற்சி பெற்ற ஒப்பனைக்காரர் ஒருவர் உட்கார்ந்து, மங்குக்கும் தீத்தழும்புக்கும் வெண்புள்ளிக்கும் தொழுநோய் மருந்தால் கறுத்தவர்களுக்கும் மறைப்புப் பூச்சைச் சொல்லித்தர வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலை படிக்கும் பெண்களுக்கு எந்தத் திட்டை மறைக்கலாம், எதை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைப் பாடமாக வைக்க வேண்டும். நூறு நாள் வேலைத் தலத்தில் நிழலும், வேலை நேரத்தை வெயிலுக்கு முன்னால் முடிக்கும் ஏற்பாடும் வேண்டும். இவை எதற்கும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் அம்மாவோ அக்காவோ மனைவியோ தினமும் தேய்க்கும் ட்யூப் எது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது அச்சிட்டிருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல மாதம் பூசியதைத் திடீரென்று நிறுத்தினால் முகம் கொதித்துப்போகும். ட்யூபை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். எத்தனை மாதமாகப் பூசுகிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிப் படிப்படியாக விடுவது என்று அவர்கள் சொல்வார்கள்.